கன்னி மூலையில் ஈரம்

என் வீட்டுக்காரி கமலாத்தாள் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறாள் என்று முதலில் சொன்னது நான்தான். மகன் சொல்லவில்லை, மருமகளும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அந்தப் பெண் அனுப்பிரியா மேல் பழியைத் தூக்கிப் போடக்கூடாது.

எங்கள் வீடு கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டுப் பக்கம் வரும்போது ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு. போன ஆவணியில் கமலாத்தாளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு தப்பவில்லை. கையும் காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைக்கும் போவாள், வருவாள். தென்மேற்கு மூலை அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் விடியற்காலை அந்தக் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நின்றது. உள்ளங்கை அகலம்தான். மறுநாள் ஒரு தட்டு அகலம். மூன்றாம் நாள் என் செருப்பு நனைந்தது.

"ஏ புள்ள, எந்திரிக்க முடியலீன்னா ஒரு கொரலு குடுக்கறதுக்கென்ன? நா என்ன செத்தா போயிட்டேன்?"

"நா எங்கீங்க போனேன்? துணி காஞ்சு கெடக்குது, தொட்டுப் பாருங்க."

"துணிய மாத்தி ஒளிச்சு வெச்சிருப்பே."

"ஒத்தக் கையில துணிய மாத்தி ஒளிச்சு வேற வெக்கறனாக்கு? அத்தன சாமர்த்தியம் இருந்தா உங்களையவே எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முதல் மூன்று நாளும் அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

அனுப்பிரியா ஒன்றும் பேசமாட்டாள். பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டுப் போவாள். அந்தப் பினாயில் நாற்றத்தில் வேறு நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஏழரை மணி வெயில் ஏறினால் தரை காய்ந்துவிடும். மறுநாள் விடிந்தால் திரும்ப ஈரம்.

அந்த வீட்டில் அப்போது வேறு சில சங்கதிகளும் நடந்துகொண்டிருந்தன. மாடி டேங்குக்கு ஒரு நேரம் மோட்டார் போட்டால் போதும் என்றிருந்தது இரண்டு நேரமானது. துணி துவைக்கிற மெஷின்தான் தண்ணீரைக் குடிக்கிறது என்று மருமகளைத் திட்டினேன். அந்த அறைச் சுவரில் அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து உப்புப் பூத்தது. பெயின்ட் அடித்தவன் தண்ணீரைக் கலந்துவிட்டான் என்றேன். கட்டிலுக்குப் பக்கத்து டைல்ஸ் மேல் நடந்தால் டொக் டொக் என்று வெறுஞ்சத்தம் கேட்டது. கொத்தனார் சிமெண்டைத் தின்றுவிட்டான் என்றேன். பூனை வேறு எங்கும் படுக்காமல் அந்த டைல்ஸ் மேலேயே வந்து வயிற்றை வைத்துப் படுத்தது. அதற்கு மட்டும் நான் யாரையும் திட்டவில்லை. மற்ற ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு திருடன் இருந்தான்.

சித்திரை பிறந்த அடுத்த நாள் என் தங்கச்சி வீட்டு ஒறம்பரைச் சனம் கமலாத்தாளைப் பார்க்க வந்தார்கள். ஐந்தாறு பேர். காலையிலேயே வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி கட்டில் பக்கம் போய், "ஐயோ, காலெல்லாம் நனையுது" என்றாள்.

"பாத்து வாங்க. அவ போயிருப்பா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். கமலாத்தாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர்கள் காப்பி குடித்து எழுந்து போகும் வரைக்கும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

எங்களுக்கு உடனே தெரியவில்லை. தலைமாட்டுச் சொம்பு வைத்தபடியே இருந்தது. கேட்டால் "குடிச்சுட்டேன்" என்பாள். மோர் வேண்டாம், ரசம் வேண்டாம், வெறும் இட்லியைக் கெட்டிச் சட்டினியில் தொட்டுத் தின்றாள். மாத்திரையை எச்சிலில் விழுங்கினாள். அனுப்பிரியாதான் கண்டுபிடித்து என்னிடம் வந்து அழுதாள். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்ன புள்ள, சாகறதுக்கு வழி பாக்கறயா?"

"இல்லீங்க. சாட்சி காட்டறேன்." உதடு வெடித்திருந்தது. "நா சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன். அப்பவும் தரை நனைஞ்சா, அது நானில்லைன்னு நம்புவீங்கல்ல?"

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தரை நனைந்திருந்தது. அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிடுவேன் என்று பார்த்திருக்கிறாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நாங்கள் தூங்கின பிறகு எடுத்துக் குடிக்கிறாள் என்று தோன்றியது. தலைமாட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டேன்.

அதை நான் செய்தேன். வெளியே தார் உருகுகிற வெயில்.

அதற்கு மறுநாள் மத்தியானம் கூப்பிட்டால் பேச்சில்லை. கண் பாதி திறந்திருந்தது. மகன் கோகுல்நாத் கார் பிடித்து வந்தான், நெம்மாறையில் ஓர் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மூத்திரக் குழாய் போட்டு, பை மாட்டி, கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் வயசுப்பிள்ளை. நன்றாகத் தமிழ் பேசினான்.

"உடம்புல தண்ணியே இல்ல. கிட்னி நின்னுபோற மாதிரி இருக்கு. நெஞ்சு வீக்கா இருக்கறதால குளுக்கோஸ வேகமா ஏத்த முடியாது. வாய் வழியாக் குடிக்கணும். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மூத்திரம் சரியா வரலைன்னா டயாலிசிஸுக்குப் பெரிய ஆசுபத்திரி போகணும். இந்த உடம்பு அத தாங்குமான்னு நா சொல்ல மாட்டேன்."

மயக்கம் தெளிந்து கண் திறந்தாள். அனுப்பிரியா டம்ளரை உதட்டில் வைத்தாள். கமலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் தாடை வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"குடிங்க அத்தை. உங்க காலு வேணாப் புடிச்சுக்கறேன்."

"வேண்டாஞ் சாமி. ஆசுபத்திரிக் கட்டிலையும் நனைச்சுட்டான்னு சொல்லுவாரு."

நான் அந்தக் கட்டிலின் காலருகே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

வீட்டில் எருமை இரண்டு கட்டிக் கிடந்தன. அனுப்பிரியாவை அங்கே விட்டுவிட்டு நானும் கோகுலும் வந்தோம். எருமைக்குத் தண்ணீர் காட்டி, மெத்தையைச் சுருட்டி வைத்து, அந்த அறையைப் பூட்டினேன். திறந்து கிடந்ததைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் எருமையைக் கறக்கப் போகிறவன் அந்த அறையைத் திறந்தேன்.

கட்டில் காலி. சுருட்டி வைத்த மெத்தை அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் வட்டமாகத் தண்ணீர். மற்ற நாளைவிடக் கூடுதலாகவே இருந்தது. துடைக்க ஆளில்லாததால் மெல்ல வாசற்படிப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். விரலால் தொட்டு முகர்ந்தேன். பினாயில் ஊற்றாத தரை. ஒரு நாற்றமும் இல்லை. நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு கலந்த மாதிரி ஒரு கரிப்பு. முப்பது வருசமாக நான் குடிக்கிற எங்கள் போர்த் தண்ணீர். அதைத் தூக்கத்தில் கொடுத்தாலும் எனக்குத் தெரியும்.

கோகுலை எழுப்பி அனுப்பிரியாவுக்குப் போன் போடச் சொன்னேன். "உங்கத்த காதுல வை, அம்மிணி" என்றேன்.

"கமலா, நாந்தான். நீ இல்லாத ரூமு நனைஞ்சு கெடக்குது. பூட்டு போட்ட ரூமு. உன்மேல தப்பில்ல. தண்ணி குடி."

அவள் மருமகளிடம் சொல்வது கேட்டது. "நா தண்ணி குடிக்கோணும்னு சோடிக்கறாரு. போன வையி."

நாற்பத்தெட்டு வருசத்தில் அவள் சொன்ன எதையும் நான் சரி பார்க்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. இப்போது அவள் என்னைச் சரி பார்க்கிறாள். கையில் பிடித்துக் காட்ட ஒன்று வேண்டும். ஆறு மணிக்குள் வேண்டும்.

கோகுல் போய் ஜின்சன் என்கிற பிளம்பரைக் கூட்டி வந்தான். கொல்லங்கோட்டுக்காரன். எனக்குப் பிளம்பர்கள் மேல் எப்போதும் நம்பிக்கை கிடையாது. ஒரு சொட்டு ஒழுகினால் ஊரையே தோண்டுவார்கள். ஆனால் இவன் சாமானை எடுக்கவே இல்லை. முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் இறுக மூடினான். மோட்டாரை நிறுத்தினான். மாடிக்குப் போய் டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டான். பிறகு படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான்.

"என்னப்பா உக்காந்துட்டே?"

"ஒரு மணிக்கூர் இருக்கணும் பெரியவரே. ஆரும் ஒரு கிளாஸ் தண்ணிகூட எடுக்கண்டா."

ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியை விட்டான். கோட்டுக்கு நாலு விரல் கீழே நனைந்தது. ஒரு குழாயும் திறக்கவில்லை, நாலு விரல் தண்ணீர் எங்கோ போயிருக்கிறது. மாடியில் சமையல்கட்டுக்குப் போகிற வால்வை அடைத்தான். அப்போதும் இறங்கியது. குளியலறைக்குப் போகிற வால்வை அடைத்தான். அப்புறம் இறங்கவில்லை.

"குளிமுறி லைன்தான். தரைக்கடியில பைப் பொட்டியிருக்கு, ஒடைஞ்சிருக்கு. பகல்ல எல்லாரும் பைப் திறக்கறதால பிரஷர் கொறவு. ராத்திரி ஆரும் திறக்கறதில்ல, ஃபுல் பிரஷர். அதான் வெளுப்புக்கு ஈரம்."

விடியற்காலை மட்டும் ஏன் நனைகிறது என்று நான் ஒரு நாளாவது யோசித்திருந்தால்.

"இந்த ரூமுக்கடியில பைப் உண்டோ?" ஜின்சன் கேட்டான்.

கோகுல் என்னைப் பார்த்தான். "இல்லீங்க. பாத்ரூமு கெழக்கால இருக்குது. இங்க ஒண்ணுமில்ல. ஏங்ப்பா?"

நான் கட்டிலை ஓரமாக நகர்த்தத் தொடங்கினேன்.

"அப்ப குளிமுறியில பொட்டி, தண்ணி அடியில ஓடி இங்க வந்து பொங்குது. தண்ணி பொங்கற எடம் ஒண்ணு, பொட்டற எடம் வேறொண்ணு. அங்கேர்ந்து தரையப் பொளிச்சுப் பொளிச்சு வரணும். இன்னைக்குத் தீராது."

சொல்லிவிட்டுச் சுத்தியலும் உளியுமாகக் கிழக்கே போய்விட்டான். கோகுலும் கூடப் போனான். நான் அந்த அறையில் தனியாக நின்றேன். ஃபேன் ஓடவில்லை. மெயினையே அவன் அணைத்திருந்ததால் ஃப்ரிட்ஜ் சத்தமும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்து மாடியில் நின்ற பக்கத்துத் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு, வால்வை ஒரு நிமிசம் திறந்து வைக்கச் சொன்னேன். கடப்பாரையின் ஒரு முனையைக் கட்டிலிருந்த இடத்தில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தேன். உள்ளே உஸ்ஸென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. என் காலுக்கு நேர் அடியில்.

அங்கே பைப் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் அந்த அறைதான் எங்கள் குளியலறை. கமலாத்தாளுக்கு அப்போதுதான் முதல் தடவை நெஞ்சு வலி வந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாஸ்து பார்க்கிற ஆள் வந்து வீட்டைச் சுற்றி நடந்தார். தென்மேற்குக் கன்னி மூலையில் தண்ணீர் புழங்கினால் வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது, உடனே அடை என்றார். குளியலறையைக் கிழக்கே மாற்றினோம். அப்போது வந்த பிளம்பர், பழைய பைப்பைச் சுவர் வரைக்கும் உடைத்து எடுத்துத் புது லைன் பிரிகிற திருப்பில் வெட்டி மூடி போட்டு ஒட்ட வேண்டும் என்றான். வேலையை நீட்டப் பார்க்கிறான் என்று அவனை அனுப்பிவிட்டேன். பூவரசங்கட்டையில் நானே ஆப்பு சீவி, பைப் வாயில் அடித்து, மேலே சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். மண்ணைப் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டியாயிற்று. கோகுல் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான். பைப்பை எடுத்தாயிற்றா என்று போனில் கேட்டதற்கு "எடுத்தாச்சு" என்றேன்.

தரைக்குள் ஒன்பது வருசமாக ராத்திரி பகலாகத் தண்ணீர் அந்த ஆப்பை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தக் குளியலறையை அடைத்தேன். அதே இடத்தில் அவளையும் படுக்க வைத்தேன்.

உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கே அவன் உளி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல குளியலறை. அதில் ஒரு குற்றமும் இல்லை. அதை உடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் முன்னால், ஒரு பிளம்பர் முன்னால் இது என் கைவேலை என்று சொல்ல வாய் வரவில்லை. மனுசன் அப்படியும் இருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு அனுப்பிரியா போன் பண்ணினாள். கோகுல் எடுத்துப் பேசிவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"பையில ஒண்ணுமே வரலீங்ப்பா. அம்மா இன்னும் வாயத் தொறக்கலையாம். கால் வீங்க ஆரம்பிச்சிருச்சாம்."

நான் எழுந்தேன். "அவன நிறுத்தச் சொல்லு. அங்க இல்ல. இங்க."

"என்னங்ப்பா?"

"இங்கதான் பைப்பு இருக்குது. எடுக்கல. நாந்தான் அடைச்சேன்."

கோகுல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கடப்பாரையை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, கன்னி மூலைங்க. இதுல குழி எடுக்கவே ஆவாதுன்னு அந்த வாஸ்துக்காரரு சொன்னாருங்கல்ல? அம்மா கெடக்கற கெடையில..."

"உங்கொம்மா அங்க நாக்கு வறண்டு கெடக்கறா. இங்க அவளுக்கடியில குடம் குடமாத் தண்ணி ஓடுது. இதுக்கு மேல என்னடா ஆவாது? கைய எடு."

முதல் குத்திலேயே டைல்ஸ் உள்ளே இறங்கிவிட்டது. அடியில் மண்ணே இல்லை. ஒரு அண்டா கொள்ளுகிற அளவுக்குப் பள்ளம், அதில் கருப்புச் சேறு, மேலே தண்ணீர். கரிசல் மண் ஊறி உப்பி, அஸ்திவாரக் கல் வரைக்கும் தள்ளியிருந்தது. ஜின்சன் பள்ளத்தில் கையை விட்டு அளைந்தான். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அந்த மூலைச் சுவர் உட்கார்ந்திருக்கும் என்றான். அவன் சொன்னதை அன்றைக்கு நான் சரி பார்க்கவில்லை.

"கிட்டிப்போயி" என்று பைப்பின் முனையைத் தூக்கிக் காட்டினான். ஆப்பு கறையான் தின்ற மாதிரிக் கரைந்து பாதியாக இருந்தது. டியூப் நாலைந்து இடத்தில் விண்டு தொங்கியது. "எந்தா இது? சைக்கிள் டியூபா? இந்தப் பணி செஞ்சவன எனக்கு ஒண்ணு காணணும், கேட்டோ."

"பாத்துக்கோ" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

வால்வை ஒரு தடவை திறக்கச் சொல்லி, தண்ணீர் பீய்ச்சியடிப்பதைக் கோகுல் செல்லில் படம் பிடித்தான். நான் அந்த ஆப்பையும் டியூப்பையும் சேறோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். சட்டை மாற்றவில்லை. கோகுல் பைக்கை எடுத்தான். நெம்மாறை போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி.

கமலாத்தாளின் முகம் ஊதிப் போயிருந்தது. உதடு மட்டும் காய்ந்து கிடந்தது. கட்டிலில் தொங்கிய பை, மடிப்புக்கூட விரியாமல் தட்டையாக இருந்தது. அடுத்த கட்டிலில் சரஸ்வதியம்மாள் என்று ஒரு கல்பாத்திப் பாட்டி, காலில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

"நீங்கதான் அந்த ஆத்துக்காரரா? நன்னா இருக்கு. நேத்துலேர்ந்து இவள் கெடக்கறதப் பாத்து எனக்கே தண்ணி எறங்கல."

கோகுல் செல்லைக் கமலாத்தாள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். தண்ணீர் பீய்ச்சியடித்தது. கமலாத்தாள் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"செல்லுல எதையும் காட்டலாம். உங்கப்பந்தான் சொல்லுவாரு."

சொல்லியிருக்கிறேன். டிவியைப் பார்த்தும் சொல்வேன், செல்லைப் பார்த்தும் சொல்வேன்.

கவரைப் பிரித்து அந்த டியூப் துண்டை அவள் இடது கையில் வைத்தேன். சேறு விரலில் அப்பிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே அதைத் தடவினாள். முடிச்சு இருந்த இடத்தில் விரல் நின்றது. முந்தி கிணற்று ஏற்றக் கயிற்றில் எங்கப்பன் போட்ட முடிச்சு, எனக்கு அந்த ஒரு முடிச்சுத்தான் தெரியும். எருமைக் கயிற்றிலும் அதுதான், சாக்கு மூட்டையிலும் அதுதான்.

"இது நீங்க கட்டுனது."

"ஆமா."

"டார்ச்சு புடிச்சது நானு."

"ஆமா புள்ள."

"அந்தப் பிளம்பர் பையனே ஒட்டட்டும்னு அன்னைக்கே சொன்னனுங்களா இல்லியா?"

"சொன்னே."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது? ஒறம்பரை முன்னால சொன்னீங்க. அத்தன பேரு முன்னால."

மணி நாலு. ஒறம்பரையை எங்கே போய்ப் பிடிப்பேன்? சரஸ்வதியம்மாள் தடியால் கட்டில் கம்பியைத் தட்டினாள்.

"இங்க பதினாலு கட்டில் இருக்கு. இவாளும் மனுஷாதான். எழுந்து நின்னு சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ, எனக்குக் காது மந்தம்."

நான் வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால் பேசினதில்லை. கவரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய அறையின் நடுவில் நின்றேன். சட்டையெல்லாம் சேறு.

"என்ற சம்சாரம் கட்டில்ல போறான்னு நா சொன்னனுங்க. ஒறம்பரை முன்னால சொன்னேன். அது பொய்யிங்க. தரைக்கடியில பைப்பு ஒழுகுனது. அந்தப் பைப்ப அடைச்சது நானு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அவ சொன்னத நம்பாம, அவ குடிக்கற சொம்பையும் நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

சொம்பைப் பற்றி கோகுலுக்குத் தெரியாது. அனுப்பிரியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு ஆள் மலையாளத்தில் என்னைத் திட்டினான். திட்டட்டும்.

கட்டிலுக்குத் திரும்பி வந்தேன். கமலாத்தாள் வாயைக் கொஞ்சமாகத் திறந்திருந்தாள். டம்ளரை நான் வைக்கவில்லை, அனுப்பிரியாவிடம் கொடுத்தேன். அவள்தான் உதட்டில் வைத்தாள். முதல் மடக்கில் புரை ஏறியது. பிறகு குடித்தாள். ஒரு டம்ளர், நிறுத்தி, இன்னொரு அரை டம்ளர்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் குழாயும் பையும் நேராகத் தெரியும். நாலரை ஆனது. குழாய் வெறுமையாக இருந்தது. ஐந்து மணிக்கு இன்னொரு டம்ளர் குடித்தாள். குழாய் வெறுமையாகவே இருந்தது. எங்கோ மடங்கியிருக்குமோ என்று கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

"அய்யோ, அத தொடண்டா" என்று நர்ஸ் அஞ்சு வந்து என் கையை எடுத்துவிட்டாள். "கிட்னி மெல்லத்தான் முழிக்கும். ப்ரார்த்திச்சோ."

ஐந்தேகாலுக்குக் குழாயில் ஒரு நிறம் வந்தது. காப்பி மாதிரிக் கடும் நிறம். வளைவில் நின்றது. நகரவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கிப் பைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அஞ்சு குனிந்து பையின் கோட்டைப் பார்த்தாள். "இருபது மில்லி. இது போரா."

"எத்தன வேணும் அம்மிணி?"

"ஒரு மணிக்கூருக்கு முப்பதெங்கிலும் வரணும். டாக்டர் ஆறு மணிக்கு வரும்."

மேலே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க. எதாச்சும் வருதுங்களா?"

"வருது புள்ள."

"நெசமாவா?"

நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்ப வேண்டிய கடனும் அவளுக்கு இல்லை. அஞ்சுவின் கையைப் பிடிக்காத குறையாக, "நீயே சொல்லு தாயி, உள்ளதச் சொல்லு" என்றேன்.

அஞ்சு அவள் காதருகே போய், வருகிறது, கொஞ்சமாக வருகிறது, இன்னும் குடித்தால் இன்னும் வரும் என்று சொன்னாள்.

கமலாத்தாள் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு அனுப்பிரியாவின் பக்கம் இடது கையை நீட்டி, டம்ளரைக் கொடு என்று காட்டினாள். மணி ஐந்து நாற்பது. நான் திரும்பக் குழாயைப் பார்த்து உட்கார்ந்தேன்.